‘அந்த ஆள் ஓர் ஈரல்’ என்றால் திட்டா, பாராட்டா, நோயைப் பற்றிய கேலியா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

கோவைப் பக்கத்தைச் சேர்ந்த 38 வயதுப் பொறியாளர் ஒருவர் மத்திய மெக்சிகோவின் தொழில் நகரம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறார். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். ஸ்பானிய மொழி ஓரளவு புரியும்; வேகமாகப் பேசினால் தடுமாறுவார். சென்ற மாதம் நிறுவனம் நடத்திய வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் அவருக்கு ‘ஈகதோ கிராசோ’, அதாவது ஈரலில் லேசான கொழுப்புப் படிவு இருப்பதாக அறிக்கை வந்தது. ஒன்பது நாள் கழித்து, உணவுக்கூட வாசலில், உற்பத்திப் பிரிவு ஊழியர் ஒருவர் இவர் பெயரைச் சொல்லி ‘எஸ் உன் ஈகதோ’ என்றது இவர் காதில் விழுந்தது. உடன் இருந்த இருவர் சிரித்தார்கள். இவரைக் கண்டதும் பேச்சு நின்றது.

கைபேசிச் செயலியில் அந்த வாக்கியத்தைப் போட்டுப் பார்த்தபோது ‘அவர் ஒரு கல்லீரல்’ என்று வந்தது. மருத்துவ அறிக்கை வெளியே கசிந்துவிட்டது, தன் உடல்நிலையைக் கேலி செய்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மாட்ரிடில் இருக்கும் நண்பரோ, ‘அந்தச் சொல்லுக்குத் துணிச்சல் என்று பொருள், உன்னைப் பாராட்டியிருக்கிறார்கள்’ என்கிறார். இதற்கிடையில் அந்த ஊழியர்மீது இரண்டு பக்கப் புகார்க் கடிதம் ஒன்றை வாசகர் எழுதி வைத்திருக்கிறார். அதை மனிதவளத் துறையிடம் கொடுக்கலாமா என்பது அவருடைய முதல் கேள்வி. கடிதத்தின் அடியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: ‘ஈகதோ’வும் ‘ஈரலும்’ ஒரே எழுத்தில் தொடங்குவதால் ஸ்பானியச் சொல் தமிழிலிருந்து போயிருக்குமோ? கல்லூரி நண்பர்கள் குழுவுக்காக அதைப் பற்றி ஒரு கட்டுரையைப் பாதி எழுதி வைத்திருக்கிறாராம்.

அன்புள்ள நண்பருக்கு,

நான் வழக்கறிஞர் இல்லை. மருத்துவமனைகளிலும் பணியிடத் தகராறுகளிலும் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளராக வேலை செய்பவன். ஆனாலும் உங்கள் பிரச்சினையில் முக்கால் பங்கு மொழிப் பிரச்சினையாக இருப்பதால், அந்த அளவுக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். நீங்கள் கேட்ட வாக்கியத்தை வைத்து உங்கள் மருத்துவ அறிக்கையை யாரோ படித்துவிட்டார்கள் என்று முடிவு செய்ய வழியே இல்லை. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவின் சில பகுதிகளிலும் ஒருவரை ‘உன் ஈகதோ’ என்றால் (ஸ்பானிய ‘உன்’ நம் ‘ஒரு’), அவர் பழகுவதற்குச் சிரமமானவர், சகித்துக்கொள்ளக் கடினமானவர், நச்சரிப்பவர் என்று பொருள். உங்கள் ஈரல் பளிங்குபோல் சுத்தமாக இருந்திருந்தாலும் அவர் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பார்.

இதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கோவையில் வேலை பார்க்கும் ஒரு மெக்சிகோக்காரர், மருத்துவப் பரிசோதனை முடிந்த மறுவாரம், தன்னைப் பற்றி யாரோ ‘சரியான அறுவை’ என்று சொல்வதைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அகராதியைப் புரட்டுகிறார், அறுவை என்றால் சத்திரசிகிச்சை என்று இருக்கிறது. தனக்கு ஏதோ அறுவைச் சிகிச்சை நடக்கப்போவதை மருத்துவர் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார் என்று அவர் இரவெல்லாம் தூங்காமல் கிடந்தால், நீங்கள் அவருக்கு என்ன சொல்வீர்களோ அதையேதான் நான் உங்களுக்குச் சொல்கிறேன். ஒன்பது நாட்களுக்கு முன்பு அறிக்கையில் அந்தச் சொல்லைப் படித்ததால் உங்கள் காது அதற்காகக் காத்திருந்தது. அதற்கு முன்பும் அந்தச் சொல் உணவுக்கூடத்தில் நூறு முறை உங்களைக் கடந்து போயிருக்கும். அப்போது அது வெறும் ஒலியாக இருந்தது.

வினைச்சொல்லில்தான் வேறுபாடு

மாட்ரிட் நண்பர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் சொன்னது வேறொரு தொடரைப் பற்றியது. ஸ்பானியத்தில் ஒருவருக்கு ஈரல் ‘இருக்கிறது’ என்பதும், ஒருவர் ஈரலாக ‘இருக்கிறார்’ என்பதும் இரு துருவங்கள். ‘தெனேர் ஈகதோஸ்’, அதாவது ஈரல்கள் உடையவராக இருத்தல் என்றால் நெஞ்சுரம், துணிச்சல் உடையவராக இருத்தல் என்று பொருள். அதில் பெரும்பாலும் பன்மைதான் வரும். நீங்கள் கேட்டதோ ‘எஸ்’ என்ற வினை, ‘ஒரு’ என்று பொருள்படும் ‘உன்’ என்ற ஒருமை அடை. அந்த இரண்டு சிறு சொற்களும் சேர்ந்தவுடன் பாராட்டுக்கான வாசல் அடைபட்டுவிடுகிறது. மேலும் ‘உன் ஈகதோ’ என்று மனிதரைச் சொல்லும் வழக்கம் ஸ்பெயினில் இல்லை என்பதால், மாட்ரிடில் இருப்பவருக்கு அது பிடிபடாமல் போனதில் வியப்பில்லை. மதுரைக்காரர் ஒருவர் யாழ்ப்பாணப் பேச்சுக்குப் பொருள் சொல்லப் புகுந்தால் நேரக்கூடிய பிழைதான் இது.

அதே சொல்லைக் கொண்ட வேறு தொடர்களும் உங்கள் காதில் விழும். ‘எச்சார் லோஸ் ஈகதோஸ்’, அதாவது ஈரல்களை வெளியே தள்ளுதல் என்றால் உயிரைக் கொடுத்து உழைத்தல். ‘மாலோஸ் ஈகதோஸ்’, கெட்ட ஈரல்கள் என்றால் கெட்ட எண்ணம், வன்மம். தேர்தல் காலத்தில் மெக்சிகோப் பத்திரிகைகளில் ‘ஈரலால் வாக்களிப்பது’ என்ற தொடரைப் பார்ப்பீர்கள். யோசிக்காமல் ஆத்திரத்தில் வாக்களிப்பதை அப்படிச் சொல்வார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பழைய மருத்துவம். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்ற கிரேக்க மருத்துவர், உண்ட உணவு ஈரலில்தான் இரத்தமாக மாறுகிறது என்று எழுதினார். அவர் வழிவந்த ஐரோப்பிய மருத்துவம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. பித்தநீர் மிகுந்தவர் கோபக்காரர் என்பதும் அந்த மருத்துவத்தின் கணக்குதான். ஸ்பானியத்தில் கோபத்தைக் குறிக்கும் ‘கோலெரா’ என்ற சொல் பித்தத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நமக்குப் பித்தம் தலைக்கேறினால் பித்துப் பிடிக்கும். அவர்களுக்குக் கோபம் பிடிக்கும்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தொழிலில் நான் புதியவனாக இருந்தபோது, மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு மூதாட்டி மருத்துவரிடம், ‘மகனோடு சண்டை, என் பித்தம் சிந்திவிட்டது’ என்றார். நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். பித்தப்பை கிழிந்துவிட்டதோ என்று மருத்துவர் பதறி, வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதத் தொடங்கிவிட்டார். கடும் கோபத்துக்குப் பின் வரும் வாய்க்கசப்பு, தலைவலி, வயிற்றுக் கோளாறு எல்லாவற்றையும் சேர்த்து மெக்சிகோவில் ‘பீலிஸ்’ என்பார்கள் என்று அன்று எனக்குத் தெரியாது. உடல் உறுப்பின் பெயர் வந்தவுடன் உடலைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கும் பிழையை நீங்கள் மட்டும் செய்யவில்லை.

சரி, வேண்டாத மனிதருக்கு ஏன் ஈரலின் பெயர்? ஸ்பானியத்தில் உணவு வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதற்கும் மனிதர் மனத்துக்குப் பிடிப்பதற்கும் ‘காயேர்’, விழுதல், என்ற ஒரே வினைதான். ‘மே காயே மால்’ என்றால் அந்த உணவு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் பொருள், அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை என்றும் பொருள். பிடிக்காதவர் ‘ஈரலில் விழுந்த உதைபோல’ விழுகிறார் என்றும் சொல்வார்கள். அந்த உதையைத் தருபவரையே சுருக்கமாக ஈரல் என்று சொல்லத் தொடங்கியிருக்கலாம் என்பது என் ஊகம். வெங்காயம் போட்டு வதக்கிய ஈரலைத் தட்டில் கண்டதும் முகம் சுளிக்கும் மெக்சிகோக் குழந்தைகளைப் பார்த்தவர்கள் வேறு விளக்கமும் தருவார்கள்.

அத்திப்பழம் ஊட்டிய உறுப்பு

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். உங்கள் உற்சாகத்தைக் குலைக்க மனம் இல்லை. ஆனால் ‘ஈகதோ’வின் உண்மை வரலாறு நீங்கள் கற்பனை செய்ததைவிடச் சுவையானது.

முதல் தடை அந்த ‘ஈ’ எழுத்திலேயே இருக்கிறது. இன்று நாம் ஈ என்று கேட்கும் ஒலிக்கு முன்னால் ஒரு காலத்தில் ‘ஃப’ ஒலி இருந்தது. பழைய ஸ்பானியத்தில் அச்சொல் ‘ஃபீகதோ’. லத்தீனில் சொல்லின் தொடக்கத்தில் வந்த அந்த ஒலி ஸ்பானியத்தில் முதலில் வெறும் மூச்சொலியாக மெலிந்து, பின்னர் காணாமலே போயிற்று. அதன் நினைவாக எழுத்தில் மட்டும் ஒலிக்காத ஓர் எழுத்து நிற்கிறது. மகனைக் குறிக்கும் ‘ஃபிலியுஸ்’ இப்படித்தான் ‘ஈஹோ’ ஆயிற்று. நூலைக் குறிக்கும் ‘ஃபீலும்’ ‘ஈலோ’ ஆயிற்று. மாவைக் குறிக்கும் ‘ஃபரீனா’ ‘அரினா’ ஆயிற்று. போர்த்துகீசியர் இன்றும் ஈரலை ‘ஃபீகதோ’ என்றும், இத்தாலியர் ‘ஃபேகாத்தோ’ என்றும், ருமேனியர் ‘ஃபிகாத்’ என்றும்தான் சொல்கிறார்கள். ஆகவே ‘ஈரலோடு’ ஒற்றுமை என்பது தேய்ந்துபோன முனையும் தேயாத முனையும் தற்செயலாக ஒரே வடிவில் தெரிவதைப் போன்றது. சொற்களை ஒப்பிடும்போது அவற்றின் இன்றைய முகத்தை வைத்து ஒப்பிடுவது ஆபத்து. எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய் ஒப்பிட வேண்டும்.

அப்படிப் பின்னால் போனால் என்ன கிடைக்கிறது? லத்தீனில் ஈரலுக்கு உரிய பழைய சொல் ‘யேகுர்’. அது சமஸ்கிருத ‘யக்ருத்’, பாரசீக ‘ஜிகர்’ ஆகியவற்றின் உடன்பிறப்பு. யக்ருத் நம் மருத்துவ நூல்களில் ‘யகிருத்து’ என்று புழங்குகிறது. ஜிகர் இந்திப் பாடல்களில் காதலாகவும் துணிச்சலாகவும் ஓயாமல் ஒலிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், யேகுரை வீட்டுச் சொல்லாகக் கொண்டிருந்த லத்தீனின் சொந்தப் பிள்ளைகள், ஸ்பானியமும் பிரெஞ்சும் இத்தாலியமும், அச்சொல்லைக் கைவிட்டுவிட்டன. தமிழுக்கும் இந்தக் கதைக்கும் உண்மையான ஒரு தொடர்பு வேண்டும் என்றால், அது யகிருத்து வழியாக வரும் இந்தத் தொடர்புதான். அது ஸ்பானியர் தொலைத்த சொல்லின் உறவு. அவர்கள் வைத்திருக்கும் சொல்லின் உறவு ஆகாது.

யேகுரை வெளியே தள்ளியது சமையலறை. கிரேக்கர்கள் விருந்துக்கான விலங்குகளுக்கு அத்திப்பழம் ஊட்டி அவற்றின் ஈரலைக் கொழுக்கவைத்தார்கள். அந்த ஈரலுக்கு ‘ஹேப்பார் சுகோட்டோன்’, அத்தியூட்டிய ஈரல், என்று பெயர். ரோமானியர் பண்டத்தோடு பெயரையும் வாங்கி, அத்திக்கான தங்கள் சொல்லான ‘ஃபிகுஸ்’ என்பதைக் கொண்டு ‘யேகுர் ஃபிகாத்தும்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய கவிஞர் ஹொராஸ், செல்வர் வீட்டு விருந்து ஒன்றைக் கேலி செய்யும்போது, கொழுத்த அத்திப்பழங்களைத் தின்று வளர்ந்த வெள்ளைப் பெருவாத்தின் ஈரலைத் தட்டில் வைக்கிறார். கி.பி. 77 வாக்கில் ‘இயற்கை வரலாறு’ எழுதிய பிளினி இன்னும் ஒருபடி மேலே போகிறார்: மார்க்குஸ் அப்பீக்கியுஸ் என்ற உணவுப்பித்தர், பெருவாத்துக்குச் செய்வதைப் பெண் பன்றிக்கும் செய்தாராம், உலர்ந்த அத்தியை ஊட்டிக் கொழுக்கவைத்து, தேன் கலந்த மதுவைத் திடீரென்று குடிக்கக் கொடுத்துக் கொன்றாராம்.

பிறகு நடந்தது நமக்கும் பழக்கமான ஒன்றுதான். ‘மொபைல் போன்’ என்பதில் போன் உதிர்ந்து, எந்த வகைப் போன் என்று சொல்ல வந்த மொபைல் மட்டும் நின்றுவிட்டதல்லவா? அதுபோல ‘யேகுர்’ உதிர்ந்து, அத்தியூட்டிய என்ற அடைமொழியான ‘ஃபிகாத்தும்’ மட்டும் நின்றது. நாளடைவில் அத்தியைக் கண்ணாலும் பார்த்திராத ஆட்டின் ஈரலும், கடைசியில் மனிதனின் ஈரலும் ‘அத்தியூட்டியது’ ஆயின. யேகுரின் வேற்றுமை வடிவங்கள் ஒழுங்கில்லாமல் இருந்தன. எளிதாக வளையும் ஒரு சொல் கடைத்தெருவில் கிடைத்ததும் மக்கள் அதற்குத் தாவிவிட்டார்கள் என்று கொள்வதில் தவறில்லை. நம் ஊர்க் கறிக்கடையில் போய் மண்ணீரல் என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். சுவரொட்டி என்றால் உடனே எடுத்துத் தருவார். சுவரொட்டி ஒருநாள் மருத்துவமனைக்குள்ளும் நுழைந்து மண்ணீரலை வெளியேற்றிவிட்டால் எப்படியிருக்குமோ அப்படித்தான் ரோமில் நடந்தது. இது தனி நிகழ்வும் இல்லை: ஸ்பானியத்தில் காலைக் குறிக்கும் ‘பியெர்னா’, லத்தீனில் பன்றித்தொடையைக் குறித்த ‘பெர்னா’ என்ற சொல்தான்.

அழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லத்தீன் ஃபிகாத்தும் என்பதில் நடு அசையில்தான் அழுத்தம் வரவேண்டும். ருமேனியச் சொல் அந்த இடத்திலேயே நிற்கிறது. ஸ்பானியம், போர்த்துகீசியம், இத்தாலியம் மூன்றிலும் அது முதல் அசைக்கு ஏறிவிட்டது. கிரேக்கச் சொல்லின் உச்சரிப்பு லத்தீன் சொல்லோடு கலந்ததால் இது நேர்ந்தது என்பதே அறிஞர் பலரும் தரும் விளக்கம். விவரங்களில் அவர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது, ‘ஈ’யை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதுதான்.

அத்திக்கு ஸ்பானியத்தில் இன்று ‘ஈகோ’ என்று பெயர். தமிழ் எழுத்தில் எழுதினால் தன்முனைப்போடு குழம்பும்; அது நம் சிக்கல். தாவரவியலில் ஆல், அரசு, அத்தி மூன்றையும் உள்ளடக்கும் ஃபைகஸ் பேரினம் அந்த ‘ஃபிகுஸ்’ என்ற சொல்லின் பெயரைத்தான் சுமக்கிறது. உங்கள் கட்டுரைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா? இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சில் ஈரலைக் குறிக்கும் ‘ஃபுவா’வும் இதே ஃபிகாத்தும்தான், அவர்களுடைய புகழ்பெற்ற ‘ஃபுவா க்ரா’ உணவும் உங்கள் அறிக்கையிலுள்ள ‘ஈகதோ கிராசோ’வும் சொல்லுக்குச் சொல் ஒன்று: கொழுத்த ஈரல். ரோமில் கொழுப்பேற்றிய ஈரலுக்கு இட்ட பெயர்தான் எல்லா ஈரலுக்கும் ஆனது என்பதால், ஈகதோ என்ற சொல் பிறந்ததே கொழுப்பு ஈரலில்தான். உங்கள் அறிக்கை அந்தச் சொல்லை அதன் பிறந்த வீட்டுக்கே கூட்டிப்போயிருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டு பக்கப் புகார்

இனி முதல் கேள்வி. நீங்கள் எழுதி வைத்திருக்கும் வடிவில் அந்தப் புகாரைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

அதில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன: மருத்துவ இரகசியத்தை வெளியிட்டது, நோயைக் கேலி செய்தது. இரண்டுக்கும் ஆதாரம் அந்த ஒரே சொல். மனிதவளத் துறையில் உட்கார்ந்திருப்பவர் மெக்சிகோக்காரர். முதல் பத்தியைப் படித்தவுடன் அவருக்குச் சொல் குழப்பம் புரிந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் கையில் எஞ்சுவது, ஆதாரமில்லாமல் சக ஊழியர்மீது இரகசியத் திருட்டு சுமத்தியவர் என்ற பெயர். அதைவிடப் பெரிய நட்டம் வேறு ஒன்று: இதுவரை மருத்துவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த உடல்நிலையை, அது வெளியே தெரியக்கூடாது என்று வாதிடும் கடிதத்தின் வழியாக நீங்களே கோப்பில் ஏற்றிவிடுவீர்கள்.

உரிமையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மெக்சிகோவில் தனியார் நிறுவனங்களிடமுள்ள தனிநபர் தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் 2010-இல் வந்து, 2025-இல் புதிய சட்டமாக மாற்றி எழுதப்பட்டது. இரண்டிலும் உடல்நிலை பற்றிய தகவல் கூடுதல் பாதுகாப்பு பெறும் நுண்ணிய தரவு. உங்கள் தரவைப் பார்க்கவும், திருத்தவும், நீக்கக் கோரவும், பயன்படுத்துவதை எதிர்க்கவும் உள்ள நான்கு உரிமைகளையும் சேர்த்து ‘ஆர்கோ’ என்பார்கள். உங்கள் மனம் இன்னும் அமைதி அடையவில்லை என்றால், ஆண்டுப் பரிசோதனை முடிவுகள் எங்கே வைக்கப்படுகின்றன, யார் யார் பார்க்கலாம், நிறுவனத்தின் தனியுரிமை அறிவிப்பு என்ன சொல்கிறது என்று எழுத்து வழியாகக் கேளுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், உணவுக்கூடமும் வேண்டாம், முடிவு என்னவென்றும் எழுத வேண்டாம். எந்த ஊழியரும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்வி அது.

கேலியைப் பொறுத்தவரை, பணியிட உளவியல் ஆபத்துகளைப் பற்றிய ‘நோம் 035’ என்ற விதி 2018 அக்டோபரில் வெளியாகி, அடுத்த அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. புகார்களை இரகசியமாகவும் பாதுகாப்பாகவும் பெறுவதற்கான வழியை நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. ஆனால் அது ‘தவறாக நடத்துதல்’ என்று வரையறுப்பது தொடர்ச்சியான, விடாப்பிடியான அவமதிப்பையும் கேலியையும்; ஒன்றுக்கு மேற்பட்ட முறை அல்லது வெவ்வேறு தருணங்களில் நிகழ்ந்திருக்க வேண்டும். நீங்கள் சொல்வது ஒரே ஒரு முறை, அதுவும் உங்களிடம் நேரில் சொல்லாதது. ‘ஈகதோ’ கெட்ட வார்த்தையும் இல்லை. இனத்தையோ நாட்டையோ நிறத்தையோ தொடாத சொல். நண்பர்களுக்குள் ‘நோ செயாஸ் ஈகதோ’, ஈரலாக இருக்காதே, என்று முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்வார்கள். இனிமேலும் நடந்தால், அல்லது உங்கள் நாட்டையோ உடலையோ குறித்துப் பேச்சு வந்தால், நாள், இடம், சொன்ன சொல், அருகில் இருந்தவர் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வையுங்கள். அப்போது நிலைமை வேறு. தொழிலாளர்களுக்குக் கட்டணமில்லாமல் ஆலோசனை சொல்லும் ‘ப்ரொஃபெதேத்’ என்ற அரசு அலுவலகத்தை அணுகலாம். அந்தக் கட்டத்தில் எனக்கு எழுத வேண்டாம், அங்கேயே போங்கள். உங்கள் குடியிருப்பு அனுமதி இந்த வேலையோடு பிணைந்திருந்தால், ராஜினாமா போன்ற எந்த முடிவுக்கும் முன்பு குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையும் பாருங்கள்.

நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அதற்குமுன் சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் உங்கள் வேலைமுறையைப் பெருமையோடு விவரித்திருக்கிறீர்கள்: ஒவ்வொரு தொகுதியின் அறிக்கையையும் மூன்று முறை திருப்பி அனுப்புவீர்கள், இரவு பத்து மணிக்கும் வாட்ஸ்அப்பில் விளக்கம் கேட்பீர்கள், யாராவது சிறு பிழை விட்டால் மேலாளருக்கும் நகல் போகும். தரக்கட்டுப்பாட்டில் கண்டிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பத்தியை உற்பத்திப் பிரிவு ஊழியரின் இடத்தில் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு மருத்துவ அறிக்கையைவிட நல்ல விளக்கம் அதில் கிடைக்கும்.

அந்த ஊழியரோடு தனியாகப் பேசுங்கள். ‘என்னைப் பற்றி இப்படிச் சொன்னாயாமே’ என்று தொடங்காதீர்கள். எது தொந்தரவாக இருக்கிறது, மூன்று முறை திருப்பி அனுப்புவதா, இரவுச் செய்தியா, மேலாளருக்குப் போகும் நகலா என்று கேளுங்கள். கொஞ்சம் துணிவு இருந்தால் ‘சே கே ஆ வேசெஸ் சோய் உன் ஈகதோ’ என்று சொல்லிப் பாருங்கள். ‘சில நேரம் நான் ஓர் ஈரல்தான் என்று எனக்கே தெரியும்’ என்று பொருள். தன்னையே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவரோடு மெக்சிகோக்காரர்கள் எளிதில் ஒட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். சமநிலையில் இருப்பவரிடம் மட்டும் இதைச் சொல்லுங்கள், மேலாளரிடம் வேண்டாம். அந்த ஊழியரைப் பார்த்து நீங்கள் அச்சொல்லைத் திருப்பிச் சொல்வதும் வேண்டாம்.

அந்த இரண்டு பக்கத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. ஒரு வாரம் மேசைக்குள் கிடக்கட்டும். அது ஈரலால் எழுதிய கடிதம் என்று உங்கள் சக ஊழியர்களே சொல்லியிருப்பார்கள்.

உங்கள் உடல்நிலை பற்றி ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. லேசான படிவு என்று எழுதியிருந்தாலும் ஒரு மருத்துவரைத் தனியாகப் பாருங்கள். மொழி சார்ந்த ஒரு குறிப்பை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். அங்கே மருத்துவரும் நோயாளியும் உறுப்பைக் குறிக்க ‘ஈகதோ’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஆய்வகச் சீட்டில் ‘பெர்ஃபில் எபாத்திகோ’ என்று இருக்கும். அது ஈரல் செயல்பாட்டுக்கான வழக்கமான இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு. ரோமானியச் சமையலறை தொடாமல் விட்ட பழைய கிரேக்க ‘ஹேப்பார்’ அந்த அடைமொழியில் உயிரோடு இருக்கிறது. புதிய நோய் ஏதோ வந்துவிட்டதென்று அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.